75 ஹெச்.பி. ஷெட்டும் அதன் கரன்ட் பில்லும்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் கள்ளிக்குப்பத்துக்குள் திரும்பினால் வீடு எது, பட்டறை எது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. கீழே லேத் ஓடும், மாடியில் துணி காயும். வார நாட்களில் தெரு முழுக்க இரும்பு அறுக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் நாய் படுத்திருக்கும், ஷட்டர்கள் இறங்கியிருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நண்பரின் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு சி.என்.சி., மூன்று பழைய லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், மூலையில் 7.5 ஹெச்.பி. கம்ப்ரசர். பெரிய கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் செய்துகொடுக்கும் கம்பெனிக்கு இவர் ஜாப் ஒர்க் செய்கிறார், அதாவது மூன்றாம் படி. கரன்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது என்று புலம்பியவர், "மெஷின் எல்லாம் ஆஃப் சார், நீங்களே பாருங்க" என்று மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. கரன்ட் ஓட ஓட அது சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த மீட்டரில் 800. எதுவும் ஓடாத ஷெட்டில் அந்தப் பொட்டு 9 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. 9 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 400, அதாவது அரை யூனிட். ஸ்டெபிலைசர், சி.என்.சி.யின் கன்ட்ரோல் பேனல், தண்ணீர் கூலர், கேமரா என எல்லாம் சேர்ந்து யாருமில்லாத ஷெட்டில் மணிக்கு அரை யூனிட் தின்றன. மாதம் 25 இரவுகள், இரவுக்கு 14 மணி நேரம், அதோடு 5 விடுமுறை நாட்கள். கூட்டினால் 235 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் 1,880 ரூபாய். நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோதே மூலையில் கம்ப்ரசர் தானாக எழுந்து தடதடவென்று ஓட ஆரம்பித்தது. சனிக்கிழமை ராத்திரி ஹெல்பர் அதை ஆஃப் செய்ய மறந்துவிட்டான். காற்றை யாரும் பயன்படுத்தாதபோது அது எதற்கு எழ வேண்டும்? ஏதோ ஒரு இடத்தில் லீக். பொட்டு இப்போது நொடிக்கு ஒரு தடவைக்கும் மேல் சிமிட்டியது.

சிறு தொழிலில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று கேட்டால், எல்.இ.டி. போடு, சோலார் போடு, புது மோட்டார் வாங்கு என்று வாங்கும் பட்டியல் ஒன்று வரும். அந்தப் பட்டியலில் தவறில்லை. ஆனால் அது பட்டறைக்காரனின் கேள்விக்குப் பாதி பதில்தான். பொருள் எதுவும் உருவாகாத நேரத்தில் ஓடும் கரன்ட் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பருக்குப் பிறகு அதைவிடப் பெரிய இன்னொன்றும் வந்துவிட்டது, ஓடவே ஓடாத கரன்டுக்குக் கட்டும் காசு. இரண்டையும் பார்க்காமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பில் அசையாது.

இந்த ஊருக்குப் பட்டறை வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் முதலில் கிண்டி, பிறகு 1964இல் அம்பத்தூர் என்று தொழிற்பேட்டைகள் வந்தன. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். அவற்றுக்குப் பொருள் செய்துகொடுக்கப் பேட்டைக்குள் நூற்றுக்கணக்கில் சிறு நிறுவனங்கள் வந்தன. அங்கே இடம் கிடைக்காதவர்களும், அங்கே வேலை கற்றுத் தனியாக வந்த டர்னர்களும் கொரட்டூர், பட்டரவாக்கம், புதூர், கள்ளிக்குப்பம் என்று பரவினார்கள். பேட்டைக்குள் இருப்பவர்களுக்கு 'ஐமா' என்று வலுவான சங்கம் இருக்கிறது. தெருவுக்குள் ஷெட் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பக்கத்து ஷெட்காரர்தான் சங்கம்.

இவர்கள் மின்சாரத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில். 2012இல் சென்னைக்குள் தினமும் இரண்டு மணி நேரம் போனது. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் ஊற்றினால் மூன்று, மூன்றரை யூனிட் வரும். அந்த நாட்களில் எந்த மெஷின் எவ்வளவு இழுக்கும், எதை எதோடு சேர்த்து ஓட்டினால் ஜெனரேட்டர் இருமும் என்று ஒவ்வொரு ஹெல்பருக்கும் தெரியும். வெட்டு நின்றது, ஜெனரேட்டர் மூலைக்குப் போனது, அந்த அறிவும் கூடவே போய்விட்டது. கரன்ட் தடையில்லாமல் வரும்போது அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பில் வரும் நாளில் மட்டும் யோசிக்கிறோம்.

அந்த பில்லைத்தான் 2022 செப்டம்பர் 10 அன்று அமலான புதிய மின் கட்டண உத்தரவு மாற்றியது. அதுவரை சிறு ஆலைகளுக்கான 3பி பிரிவில் நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். பில்லின் பெரும்பகுதி ஓடிய யூனிட்டுக்கான பணம். யூனிட்டைக் குறைத்தால் பில் குறையும் என்பது அப்போது உண்மை. புதிய உத்தரவில் யூனிட் 6.35 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். உண்மையான அடி நிலைக் கட்டணத்தில் விழுந்தது. 50 கிலோவாட் வரை லோடு வாங்கியவருக்குக் கிலோவாட்டுக்கு 75 ரூபாய், அதைத் தாண்டினால் 150. கூடவே காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 ஆகிய உச்ச நேரங்களில் ஓடும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். 112 கிலோவாட் இணைப்பு வைத்திருந்தவர் மெஷினையே தொடாவிட்டாலும் மாதம் 3,920 ரூபாய் கட்டியது போய் 16,800 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. ஆர்டர் இல்லாத மாதம் சிறு தொழிலில் சகஜம். முன்பு அந்த மாதத்தில் பில்லும் சேர்ந்து இறங்கும். இப்போது இறங்குவதில்லை.

2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுவதும் சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தது இதனால்தான். நவம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சில சலுகைகளை அறிவித்தார். உச்ச நேரக் கூடுதல் 25இலிருந்து 15 சதவீதமானது. 12 கிலோவாட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கட்டணம் குறைந்த பிரிவுக்கு மாற்றுவது, கூரை சோலாருக்கான நெட்வொர்க் கட்டணத்தில் சிறு தொழிலுக்குப் பாதித் தள்ளுபடி ஆகியவையும் அதில் இருந்தன. சங்கங்கள் முழுத் திருப்தியடையவில்லை. நேரவாரியாக அளக்கும் மீட்டரே இல்லாத இணைப்புகளில் உச்ச நேரக் கட்டணத்தை எப்படி வசூலிக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. மின் வாரியத்தின் பக்கத்திலும் வாதம் உண்டு. நீ 112 கிலோவாட் கேட்டு வைத்திருக்கிறாய், உனக்காக டிரான்ஸ்பார்மரும் கம்பியும் காத்திருக்கின்றன, அந்தக் காத்திருப்புக்கு யார் பணம் கொடுப்பது? இதையும் ஒதுக்கித் தள்ள முடியாது. என் பார்வையில் தவறு கொள்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 35 ரூபாய் ஒரே உத்தரவில் 150 ஆனால், அதைத் தாங்கும் இடைவெளி ஜாப் ஒர்க் செய்பவனிடம் கிடையாது. பார்ட்டியிடம் ரேட் கூட்டிக் கேட்டால் அடுத்த தெருவில் ஆள் இருக்கிறது.

எப்படியும், மிச்சம் பிடிப்பது என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. எத்தனை யூனிட் என்பதோடு எத்தனை கிலோவாட், எந்த மணிக்கு என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்துகொண்டன. இதை வைத்துப் பார்த்தால் பட்டறையில் எதற்கு முதலில் கை வைக்க வேண்டும் என்ற வரிசையே தலைகீழாகிறது.

நண்பரின் ஷெட்டில் வாங்கிய லோடு 75 ஹெச்.பி., கிலோவாட்டில் 56. முன்னால் அங்கே இருந்தவர் பிளாஸ்டிக் மோல்டிங் வைத்திருந்தாராம், அவர் வாங்கிய லோடு. 2022 உத்தரவின் கணக்கில் 56க்கு 150 வீதம் மாதம் 8,400. லோடை 48ஆகக் குறைத்தால் 75 ரூபாய்ப் படிக்கு இறங்கி 3,600. வித்தியாசம் 4,800 ரூபாய். அதற்குப் பிறகு வந்த உயர்வுகளில் இந்த எண்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, படி அப்படியே இருக்கிறது. ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம், விண்ணப்பம் கொடுத்தால் போதும். ஆனால் குருட்டுத்தனமாகக் குறைக்கக் கூடாது. வாங்கிய லோடைத் தாண்டினால் அபராதம். மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தது என்பதை மீட்டரே பதிவு செய்துவைக்கும். ஒரு வருடத்துப் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இவருடையதில் உச்சம் 31. காலையில் ஷெட் திறந்ததும் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் தட்டிவிடும் பழக்கத்தை நிறுத்தினால் அதுவும் இறங்கும்.

பவர் ஃபேக்டர் இதற்கு அடுத்தது. இதைப் புரியவைக்க நான் பஸ்ஸைத்தான் உதாரணம் சொல்வேன். டெப்போவில் ஏறி, எங்கேயும் இறங்காமல், அதே சீட்டில் டெப்போவுக்கே திரும்பி வருகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவரால் யாருக்கும் பயனில்லை, இடம் மட்டும் அடைகிறது. மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்கப் போய்வரும் கரன்ட் அப்படிப்பட்டது. பவர் ஃபேக்டர் 0.7 என்றால் அதே வேலைக்குக் கம்பியில் ஒன்றரை மடங்கை ஒட்டிய கரன்ட் ஓடும், கம்பியில் சூடாகிப் போகும் இழப்பு இரட்டிப்பாகும். 25 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் லோடு உள்ள தாழ்வழுத்த இணைப்புகள் 0.85க்குக் குறையக் கூடாது என்பது விதி. குறையும் ஒவ்வொரு 0.01க்கும் ஓடிய கரன்டுக்கான தொகையில் ஒரு சதவீதம் அபராதம், ரொம்பக் கீழே போனால் இன்னும் கடுமை. 40,000 ரூபாய்க்குக் கரன்ட் ஓட்டும் ஷெட்டில் பவர் ஃபேக்டர் 0.78 என்றால் 2,800 ரூபாய் மாதாமாதம் போகும். கெபாசிட்டர் போட்டால் சரியாகிவிடும், போட்டும் இருப்பார்கள். பிரச்சினை என்னவென்றால், போட்டதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பேனலைத் திறந்து பாருங்கள். மூன்றில் ஒன்று வயிறு உப்பி நிற்கும். அது செத்து எத்தனை மாதமாயிற்றோ தெரியாது. பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் செட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். பவர் ஃபேக்டரைக் கெடுப்பதில் அதற்கு இணை கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு போகும் இன்வெர்ட்டர் செட் வந்தபிறகும் பழையதை விடாமல் வைத்திருப்பதற்குப் பாசம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி ஓடும் கரன்ட். இதில் முதல் குற்றவாளி கம்ப்ரசர். காற்று இலவசம் என்ற நினைப்பு பட்டறையில் ஆழமாக ஊறியிருக்கிறது. மேசையில் உள்ள தூசியை ஊத, சட்டையை ஊத, வெயிலில் முகத்தில் அடித்துக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் ஏர் கன். உண்மையில் பட்டறையில் மிகவும் விலை உயர்ந்த சரக்கு அதுதான். கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் கருவியின் முனையில் வேலையாக வந்து சேருகிறது, மிச்சமெல்லாம் சூடு. 6 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதற்காக மட்டும் 3 கிலோவாட் ஓட வேண்டும்.

அன்று மதியமே சோதித்தோம். கம்ப்ரசர் எழுந்து ஓடும் நேரத்தையும் அணைந்து கிடக்கும் நேரத்தையும் கைபேசியில் குறித்தோம். ஒன்றரை நிமிடம் ஓடியது, நாலரை நிமிடம் நின்றது. மறுபடி ஒன்றரை, நாலரை. ஆறு நிமிடத்தில் ஒன்றரை, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 25 சதவீதம் ஒழுகுகிறது. பராமரிக்காத பட்டறைகளில் இருபது முப்பது சதவீதம் சாதாரணம் என்று இத்துறைப் புத்தகங்கள் சொல்வது சரிதான். பிறகு ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர், பழைய பெயின்ட் பிரஷ். மெஷின் இல்லாத அமைதியில் காதை வைத்தாலே பாதி தெரிந்தது. கப்ளிங் இரண்டு, கிளாம்ப் இல்லாமல் கம்பி சுற்றிய டியூப் ஒன்று, இரண்டாவது சி.என்.சி.யின் பின்னால் காற்றை வடிகட்டும் எஃப்.ஆர்.எல். யூனிட்டின் அடியில் ஒன்று. சோப்பு தடவியதும் நுரை கொப்புளித்து வந்தது. "வாரம் முழுக்க இந்தச் சத்தம் இருந்திருக்கு, லேத் ஓடுறப்ப கேக்காது சார்" என்றார். கிளாம்பும் கப்ளிங்கும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கின.

அழுத்தத்தையும் பார்த்தோம். 8 பாரில் வைத்திருந்தார். மெஷினுக்குத் தேவை 6. ஏன் எட்டு என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை, கம்ப்ரசர் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒரு பார் குறைத்தால் ஆறேழு சதவீதம் கரன்ட் குறையும், லீக் வழியே போகும் காற்றும் குறையும். கம்ப்ரசரைச் சூடான மூலையில் வைக்காமல் வெளிக்காற்று கிடைக்கும் சுவரோரம் நகர்த்தினால் உள்ளே போகும் காற்றின் ஒவ்வொரு 4 டிகிரிக்கும் ஒரு சதவீதம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது சின்ன விஷயமில்லை.

மோட்டார் கதை வேறு. இந்தியாவில் 2018 முதல் ஐ.இ.2 தரத்துக்குக் கீழான சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டார்களைத் தயாரித்து விற்கக் கூடாது. அதற்கும் மேலே ஐ.இ.3. ஆனால் பட்டறையில் ஓடுவது 2018க்கு முந்தைய மோட்டார், அதுவும் இரண்டு மூன்று தடவை வைண்டிங் கட்டியது. அம்பத்தூருக்கு இதில் தனி வரலாறு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பேட்டை தண்ணீரில் நின்றது. நனைந்த மோட்டார்கள் வைண்டிங் கடை வாசலில் குவிந்தன. அவசரத்தில் பழைய காயிலை நெருப்பு வைத்துப் பொசுக்கி எடுப்பார்கள். அப்போது உள்ளேயிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சும் கருகிவிடும். கேஜ் குறைந்த கம்பி, சுற்று குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். மோட்டார் ஓடும், சூடும் ஆகும்.

மாற்றினால் என்ன கிடைக்கும்? 5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் வருடம் 4,000 மணி நேரம் ஓடுகிறது என்போம். 83 சதவீதத் திறன் என்றால் 17,800 யூனிட், ஏறக்குறைய 1,42,000 ரூபாய். மோட்டாரின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். 88.4 சதவீதத் திறனுள்ள ஐ.இ.3 போட்டால் ஆயிரத்துச் சொச்சம் யூனிட், 8,700 ரூபாய் மிச்சம். நல்ல கணக்கு. ஆனால் இது நாள் முழுக்க முழுச் சுமையில் ஓடும் புளோயருக்கும் பம்புக்கும் பொருந்தும் கணக்கு. லேத் மோட்டார் பாதி நேரம் ஜாபை மாட்டவும் அளக்கவும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, அதில் இந்த மிச்சம் வராது. விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றி மாற்றுவதைவிட, அடுத்த தடவை எரியும்போது வைண்டிங்குக்கு அனுப்பாமல் புதிது வாங்குவது என்று இப்போதே முடிவு செய்துவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். புளோயரிலும் பம்பிலும் இன்னொரு வழி வேகத்தைக் குறைப்பது. 20 சதவீதம் வேகம் குறைந்தால் மின்சாரம் பாதியாகிறது, இது இயற்பியல் விதி. டேம்பரை மூடி வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டுவது, ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது மாதிரி.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2015இல் 'உஜாலா' திட்டம் வந்து விலை சரிந்தபிறகு எல்.இ.டி. தானாகவே பரவிவிட்டது. சோக் வைத்த பழைய டியூப்லைட் இன்னும் பத்து இருந்தால், நாளுக்குப் பத்து மணி நேரத்தில் மாதம் 80 யூனிட் மிச்சம். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன். செய்ய வேண்டியதுதான், செய்துவிட்டு மறந்துவிடலாம்.

பட்டறையை விட்டுத் தெருவுக்கு வந்தால் கடைகள். கடைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வணிகக் கட்டணம். 2022இலேயே நூறு யூனிட்டுக்கு மேல் ஒன்பதரை ரூபாய், ஆலைகளைவிட அதிகம். மாவு மில்லில் ஒருவர் மிளகாய் கொண்டுவந்து அரைத்துப் போகிறார், அடுத்தவர் வரப் பத்து நிமிடம். அதுவரை 10 ஹெச்.பி. மோட்டார் கல்லையும் பெல்ட்டையும் சும்மா சுற்றும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அதற்கு வேறு. கோதுமை காலையில், மசாலா சாயங்காலம் என்று நேரம் பிரித்து வைத்திருக்கும் மில்காரர் அரைபடும் பொருளின் வாசம் கலக்காமலிருக்கத்தான் அப்படி வைத்தார். அது கரன்டையும் மிச்சப்படுத்துகிறது.

பெட்டிக்கடை வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் குளிர்பானக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. கரன்ட் மட்டும் கடைக்காரருடையது. சாலையோர வெயிலில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் விரல் கனத்துக்குத் தூசியோடு, கம்பெனியின் பெயர் ராத்திரி முழுக்க ஒளிர நிற்கும். நாளுக்கு ஐந்து யூனிட் என்றாலும் மாதம் 1,400 ரூபாய். கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் கேஸ்கெட் போய்விட்டது. இந்த விளம்பரப் பலகைக்கு வாடகை கேட்க வேண்டியவர் கடைக்காரர். அவரோ மாதாமாதம் பணம் கட்டி அதை எரியவிடுகிறார்.

டீக்கடையிலும் டிபன் கடையிலும் கரன்டைவிட சிலிண்டர் பெரிது. ஆள் வராத மூன்று மணி வெயிலிலும் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும், பால் பாத்திரத்தைத் தாண்டித் தீ பக்கவாட்டில் ஏறும். பட்டறையின் லேத்தும் டீக்கடையின் அடுப்பும் ஒரே தவறைச் செய்கின்றன.

கூரை சோலாரைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும், அதற்கு நூறு சதுர அடி வேண்டும். பகலில் மட்டும் ஓடும் பட்டறைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. இடைஞ்சல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பாதி ஷெட்டுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன்மேல் ஆள் ஏறி நிற்கவே பயம். பக்கத்தில் மூன்று மாடி எழும்பினால் நிழல். உச்ச நேரமான மாலை 6 மணிக்குப் பேனல் தூங்கப் போய்விடும். நெட்வொர்க் கட்டணம் வேறு. கோவை, திருப்பூர்ப் பெரிய மில்கள் உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்துக் கட்டண உயர்வைச் சமாளித்தன. மத்திய அரசின் 2022 விதிகள் பசுமை மின்சாரத்தை நேரடியாக வாங்கும் வரம்பை 100 கிலோவாட்டுக்கு இறக்கின. கள்ளிக்குப்பத்து 56 கிலோவாட் அதற்கும் கீழே நிற்கிறது.

அரசுத் திட்டங்கள் இல்லாமலில்லை. தமிழக அரசின் 'பீஸ்' திட்டத்தில் ஆற்றல் தணிக்கைச் செலவில் 75 சதவீதத்தையும், தணிக்கையாளர் சொன்ன இயந்திரத்தை வாங்கினால் விலையில் 25 சதவீதத்தையும் ஒரு வரம்புவரை திரும்பப் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் குறு உற்பத்தித் தொழில்களுக்கு மூன்று ஆண்டுகள் மின் கட்டணத்தில் 20 சதவீத மானியம் உண்டு. மத்திய அரசு 2025 ஜூலையில் பானிபட்டில் தொடங்கிய 'அடீட்டீ' திட்டம், மின்சாரத்தைக் குறைக்கும் இயந்திரத்துக்கு வாங்கும் கடனில் குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீத வட்டியை ஏற்கிறது. கவனித்தால் இவற்றில் பெரும்பாலானவை முதலில் கைக்காசு போட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் வகை, அல்லது கடன் வாங்கத் தகுதியுள்ளவனுக்கு உதவும் வகை. தொண்ணூறு நாள் கழித்துப் பேமென்ட் வாங்குபவன் இன்னொரு இடத்திலும் காத்திருக்கத் தயாராக இல்லை. அதுவும் வாங்கும் செலவுக்குத்தான் மானியம். சோப்புத் தண்ணீருக்கும் லோடு குறைப்புக்கும் யாரும் மானியம் தர மாட்டார்கள், தேவையும் இல்லை. சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் எங்கிருந்து வருவார் என்பதற்கு சூரிச் ஒரு வழி காட்டியது. 1987இல் அங்கே அக்கம்பக்கத்து நிறுவனங்கள் சில ஒரு குழுவாகச் சேர்ந்தன. பொதுவாக ஒரு பொறியாளரை வைத்துக்கொண்டு, ஆண்டுக்குச் சில தடவை ஒருவர் ஆலையை மற்றவர்கள் சுற்றிப் பார்த்துக் கணக்கை ஒப்பிட்டார்கள். ஜெர்மனி இதைப் பிடித்துக்கொண்டு 2014இல் இப்படி 500 குழுக்கள் என்று இலக்கு வைத்தது. நேரத்தை மாற்றும் கலைக்கு ஜப்பான். புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிந்தைய 2011 கோடையில் அங்கே கார் ஆலைகள் வியாழன், வெள்ளி விடுமுறை விட்டுச் சனி, ஞாயிறு ஓடின, ஏனென்றால் அன்றுதான் மின்சாரம் இருந்தது. ஒரு பத்து ஷெட்காரர்கள் சேர்ந்து ஒரு தணிக்கையாளரை ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டால், ஒருவருக்கு ஆகும் செலவு ஒரு கெபாசிட்டர் விலைக்குள் வந்துவிடும். உள்ளே விட்டால் நம் பார்ட்டி யார், ரேட் என்ன என்று தெரிந்துவிடுமே என்ற பயம் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அந்தப் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நண்பருக்கு வருகிறேன். லீக் அடைத்தாயிற்று, அழுத்தம் 6.5க்கு இறங்கியது. இரவில் ஸ்டெபிலைசரை மெயினிலேயே அணைக்கிறார்கள். உப்பிய கெபாசிட்டர் மாறிவிட்டது. இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. அடுத்த ஞாயிறு மீட்டர் பொட்டு 40 நொடிக்கு ஒரு தடவைதான் சிமிட்டியது என்று போனில் சொன்னார். கேமராவுக்கானது அது.

பெரிய மிச்சமான லோடு குறைப்பு மட்டும் நடக்கவில்லை. இணைப்பு ஷெட் உரிமையாளர் பெயரில் இருக்கிறது, விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். நண்பர் இரண்டு தடவை போய்க் கேட்டார். உரிமையாளர் காபி கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாராம்: "இன்னைக்குக் குறைச்சிடலாம்பா. நாளைக்கு நீ காலி பண்ணிட்டா, வர்றவனுக்கு மறுபடி லோடு ஏத்த டெவலப்மென்ட் சார்ஜ் யாரு கட்டுவா? ஷெட்டுக்கு வாடகையே பவரை வச்சுத்தான் பேசுறோம்." அவர் சொல்வது பொய்யில்லை. நான் கிளம்பும்போது அதே தெருவில் காலியாகக் கிடந்த இன்னொரு ஷெட்டின் கேட்டில் ஃபிளெக்ஸ் பலகை தொங்கியது. சதுர அடி எத்தனை என்று அதில் இல்லை. பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 100 ஹெச்.பி. பவருடன் ஷெட் வாடகைக்கு.